அண்ணி அமைச்சரான கதை

பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் சைரன். இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளிடம் உப்புச் சப்பில்லாத ஒரு வார்த்தை சொல்வதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மற்றவர்கள் சைகையோடு நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கோ வாயை மூடிக்கொண்டு இருக்கும் பழக்கமே கிடையாது.

அங்கே பெண்களின் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பையில். கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார், கேட்டவளைப் பார்ப்பார், "இப்பதானே போன?" என்பார். ஒரு நாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கேட்கக் கூசி நெளிவதைக் கண்டதும் சைரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார்! சாவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாவு பிசையும் பிரிவில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். எதிர் வரிசையிலிருந்து இன்னொருத்தி "சார், சாவி!" என்றாள். பிறகு கூடமே பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசர் பேயறைந்தவர் போல நின்றார். அன்றோடு பூட்டு போயிற்று. அவளை யூனியனுக்குத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்புகூடத் தேவைப்படவில்லை.

யூனியனிலிருந்து கட்சிக்கு வந்தாள். எல்லோரும் கைகழுவிவிட்ட ஒரு தொகுதியைக் கட்சித் தலைவர் அவளுக்குத் தள்ளிவிட்டார். "தோத்தாலும் பரவால்லம்மா. பேருக்கு ஒரு பொம்பள நின்ன மாதிரி இருக்கும்."

பள்ளி வேன் ஓட்டும் கணவன், பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அதே வேனில் அவளை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினான். வேன் கதவில் பெரிய முயல் படம். அதைக் கிழிக்கப் பிள்ளைகள் விடவில்லை. "உங்க சின்னம் முயலா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அவனுக்கு வாய் வலித்தது. அவள் ஜெயித்துவிட்டாள். தலைவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

கட்சியும் ஜெயித்து, தலைவர் முதலமைச்சரானார். அவரது அமைச்சரவையில் யாரும் சீந்தாத தொழிலாளர் துறை அவள் தலையில் விழுந்தது. கால் புதையும் தரைவிரிப்பு போட்ட அறை. முதல் வாரம் யார் உள்ளே வந்தாலும் அவளே எழுந்து நின்றாள். "மேடம், நாங்கதான் எந்திரிக்கணும், நீங்க இல்ல" என்று உதவியாளர் காதைக் கடித்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஆலைகளுக்குள் நுழைந்து, நேரே கழிப்பறை எங்கே என்று கேட்கும் அமைச்சரைக் கண்டு முதலாளிகள் அவசர அவசரமாகக் கழிப்பறைகளுக்கு வெள்ளையடித்தார்கள்.

அவளுக்குத் தலைவலி கொடுத்தது நாத்தனார்தான். கணவனின் தங்கை, ஒரே வீடு. அதே பிஸ்கட் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. வருடக்கணக்கில் உழைத்தும் நிரந்தரமாகாத பெண்களுக்கு அவள்தான் தலைவி. நிரந்தரம் செய்வதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்தவள் அண்ணி. அந்தக் கோப்போ தலைவரின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது நாத்தனார் பேச்சை எடுத்தாள். "அண்ணி, நாளைக்கு உங்க ஆபீஸ் வாசல்ல உக்காரப் போறோம்."

"எத்தனை பேரு?"

"அத உங்ககிட்ட சொல்லுவேனா?"

"சொல்லாத. குடை எடுத்துட்டுப் போ. அந்தப் பக்கம் நிழலே கிடையாது."

"நான் யாரு பக்கமும் இல்ல" என்று கணவன் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டான்.

மறுநாள் வாசலில் கோஷம். "அமைச்சரே, வெளியே வா!" வீட்டில் மரியாதை குறையாமல் பேசுகிற நாத்தனார் அன்று ஊரறிய 'வா' என்றாள். மாடியில் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் தைத்தது.

"அப்புறப்படுத்திடட்டுமா மேடம்?" என்றார் போலீஸ் அதிகாரி.

"முன்னாடி நிக்கிறாளே, அவளத் தொட்டீங்கன்னா எனக்கு வீட்ல சோறு கிடைக்காது. உள்ள கூப்பிடுங்க."

நாத்தனார் எதிரே வந்து உட்கார்ந்தாள். "மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் தாங்காமல் போட்டு உடைத்துவிட்டாள். "அன்னிக்கு அந்த ஆளுகிட்ட சாவி கேட்டீங்க அண்ணி. இன்னிக்கு சாவி உங்ககிட்டதான் இருக்கு."

அண்ணி அங்கேயே தலைவருக்குப் போன் போட்டாள். "கொஞ்சம் பொறும்மா, முதலாளிங்க மனசு கோணக் கூடாது" என்றார். போனை வைத்துவிட்டுத் துறைச் செயலாளரைக் கூப்பிட்டாள்.

"இந்த ஆணைக்கு என் கையெழுத்து மட்டும் போதுமா?"

"போதும் மேடம். ஆனா வம்பு வரும்."

"வரட்டும்" என்று போட்டுவிட்டாள்.

செய்தி அன்றே பரவிவிட்டதால் தலைவரால் ஆணையை ரத்து செய்ய முடியவில்லை. அமைச்சரவையை மாற்றியமைக்க முடிந்தது. புதிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. அடுத்த தேர்தலில் சீட்டும் இல்லை. 'முன்னாள்' என்ற ஒட்டு மட்டும் நிலைத்தது.

"வருத்தமா இருக்காம்மா?" என்று நிருபர் ஒருவர் கேட்டார்.

"பதவி போனதுக்கு இல்லப்பா. அந்தக் கையெழுத்த முதல் வாரமே போட்டிருக்கலாம். தலைவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இத்தனை நாள ஓட்டிட்டேன்."

இப்போது டயர் கடைக்கு மேல் இருக்கும் யூனியன் அலுவலகத்தில் நாத்தனார் செயலாளர், அண்ணி ஆலோசகர். சொல்லும் ஆலோசனையில் நாத்தனார் பாதியைத்தான் கேட்கிறாள். மீதிப் பாதிக்கு வீட்டில் சண்டை நடக்கிறது.