முத்து வியாபாரி வீட்டின் பின்கட்டு

தோஹாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு வெள்ளிக்கிழமை, பேச ஆளில்லாமல் சுற்றித் திரிந்து ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தேன். முத்து வியாபாரி ஒருவர் வாழ்ந்த வீடு அது. ஆப்பிரிக்காவிலிருந்து வளைகுடாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாக இப்போது மாறியிருந்தது.

அந்த நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. சுற்றிக்காட்டியவருக்கு அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், கறுத்த முகம், மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி. எனக்கு அரபி தெரியாததால் இந்தியில் பேசினார்.

வியாபாரியின் பெரிய கூடத்துக்குள் நேராக நடந்து போனவர், பின்கட்டுச் சிற்றறைகளுக்கு வந்ததும் ஒவ்வொரு கதவையும் தட்டி, சற்றுப் பொறுத்தே உள்ளே போனார்.

"உள்ளே யாருமில்லையே பாய், எதுக்குத் தட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தாவைச் சின்னப் பிள்ளையில கப்பல்ல கொண்டுவந்து இந்த வீட்டுக்கு வித்துட்டாங்க. இங்கேதான் படுப்பார். அவர் இருந்தவரைக்கும் ஒருத்தரும் கதவைத் தட்டிட்டு வந்ததில்ல."

பிறகு அவர் என்னைக் கேட்டார்.

"உன் ரூம்ல எத்தனை பேர்?"

"ஆறு பேர். தமிழ் பேச ஒருத்தரும் இல்ல."

"அச்சா. அப்போ கொஞ்சம் உட்காரு."

இருவரும் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாரிடமும் தாத்தாவைப் பற்றிச் சொல்வாரா, அன்று என்னிடம் மட்டும் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.