குழாயின் மூடாத முனை

நாகஜோதிக்குப் பார்வை போனது கல்லூரியின் இரண்டாம் ஆண்டில். சாயங்காலம் இருட்டிக்கொண்டு வருவது போல, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இப்போது நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் கணவன் சூரியபிரகாஷோடு குடியிருக்கிறாள். அவன் வேன் ஓட்டுகிறான். அவள் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். திரையில் இருப்பதைக் கணினியின் குரல் அவள் காதில் படித்துச் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது.

"என்ன புள்ள இது, சட்டியில சோளம் பொரியுற மாதிரி கேக்குது" என்பான் அவன்.

விடுமுறை நாள்களில் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. கணினியை இயக்கும் 'பிப்பிட்' என்ற புதிய இயங்குதளத்தை உலகின் பல மூலைகளில் இருக்கும் சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கணினியை முடுக்கிய கணத்திலேயே அது பேசத் தொடங்கும். கண் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இருந்து உதவ வேண்டியதில்லை. கேள்விப்பட்ட அன்றே நாகஜோதிக்கு அதன் மேல் ஆசை விழுந்துவிட்டது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் காலி வீடு. கோப்புகளின் பெயரைச் சொல்வது, வரிகளை அகரவரிசையில் அடுக்குவது என்று யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் அவள் விரலுக்குப் பழகிய சின்னக் கருவிகள் எதுவும் அங்கே இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் குடிவைக்கத் தொடங்கினாள்.

கட்டளைகளை வாங்கி மற்றக் கருவிகளை ஏவும் நிரல்தான் படுத்தியது. யூனிக்ஸில் அது முதலில் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். பிரிந்த பாதி, ஏவப்படும் கருவியாக மாறும். பிப்பிட்டில் அப்படிப் பிரியவே முடியாது, எதையும் புதிதாகத்தான் பிறப்பிக்க வேண்டும். மார்கழி முழுவதும் அதிலேயே கழிந்தது. மாடியில் துணி உலர்த்தும்போது தானும் இரண்டாகி, ஒருத்தி சேலையை உதற, இன்னொருத்தி எதிரே நாகமலைப் பாறையில் காற்று வாங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அந்த நினைப்பை அவள் விரட்டுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதி முடித்தாள். பெயர் சொல்லும் கருவியின் வாயிலிருந்து அடுக்கும் கருவியின் காதுக்கு ஒரு குழாய் போட்டு ஓட்டினாள். குரல் எழவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை. அடுக்கும் கருவி எதற்கோ காத்துக்கொண்டு நின்றது. மறுபடி ஓட்டினாள். அதே மௌனம்.

போன் அடித்தது. சூரியபிரகாஷ்தான்.

"அழகர்கோவில்ல ஆளுகள இறக்கி விட்டுட்டேன். சாமி கும்பிட்டு வர நேரமாகும். சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்குது."

"அது எங்கயும் ஓடிராது. மொதல்ல சாப்பிடு. வைக்கிறேன்."

அவன் வைக்கவில்லை. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் போல. மரங்களில் காற்று புகுந்து வெளியேறுவது கேட்டது. வேன் கூரையில் குரங்கு ஒன்று தொம்மென்று குதித்தது. யாரோ வெள்ளரிக்காய் கூவிக்கொண்டு போனார்கள். அவன் ஏதோ முனகிப் பாடினான். மலையடி நிழல் தன் அறைக்குள் வந்து படுத்துக்கொண்டது போல நாகஜோதிக்கு இருந்தது. அடுத்து அவன் ஏதாவது சொல்வான் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

எதற்குக் காத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தோன்றியது. இணைப்பு அறுபடவில்லை, அதனால்தான். அவளும்தான் துண்டிக்கவில்லையே.

அடுக்கும் கருவிக்குக் கடைசி வரி வந்துவிட்டது என்று தெரிய வேண்டும், அப்போதுதான் அது அடுக்கித் தரும். குழாயின் அனுப்பும் முனையை, அதைப் பிடித்திருக்கும் எல்லாரும் மூடினால்தான் அது தெரியும். யூனிக்ஸில் பிரிந்த பாதி, மாறுவதற்கு முன் தனக்கு வேண்டாத முனைகளை மூடிவிடும். பிரிவதை அவள் எடுத்தெறிந்தபோது அந்த மூடுதலும் சேர்ந்து போய்விட்டது. எந்த முனை மூடப்படும் என்று அடுக்கும் கருவி காத்திருந்ததோ, அதன் ஒரு பிரதியைப் பிறக்கும்போதே வாங்கித் தானே பிடித்துக்கொண்டிருந்தது.

போனை மேசையில் வைத்துவிட்டுத் திருத்தி எழுதினாள். இந்த முறை குரல் வந்தது. சோதனைக் கோப்புகளுக்கு அவள் வைத்திருந்த ஊர்ப்பெயர்கள் அகரவரிசையில் வந்தன: ஆனையூர், கோரிப்பாளையம், திருமங்கலம், நாகமலை. கண்ணை மூடி, அந்த ஊர்களின் வழியே பஸ்ஸில் போவது போல உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க" என்று போனை எடுத்துக் கூப்பிட்டாள். பலமுறை கூப்பிட்ட பிறகே அவனுக்குக் கேட்டது.

"இம்புட்டு நேரம் வைக்கலயா நீ?"

"ரெண்டு பேருமேதான் வைக்கல. இப்பச் சாப்பிடப் போறேன்."

அவள் கருவிகளையும் சேர்த்துக்கொண்டு சித்திரையில் புதிய பிப்பிட் வெளியானது. கென்யாவில் பார்வையில்லாத ஆசிரியை ஒருவர், யார் துணையுமின்றித் தன் கணினியில் அதை நிறுவிக்கொண்டதாகக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். சூரியபிரகாஷும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவாகப் புரியவில்லை; குரலுக்குப் பின்னால் இரைந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க மழை பேயுது போல" என்றான்.

அந்த மழையைக் கேட்க அவள் பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.