திருச்சி ஒரு மணித்தியாலம், கட்டுநாயக்கா ஆறு

சோலைமலை, செல்லசாமிக்கு வேன் கூலி முப்பதாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. மலைநாட்டு டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்ட கூலி. கடன்காரர் வெளியாள் இல்லை, செல்லசாமியின் மனைவி வேலாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதுதான் கேவலம்.

செல்லசாமி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். லொறி கழுவி, ஒருத்தன் தயவும் இல்லாமல் சொந்த வேன் வாங்கியவர். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளை அவர் ஓட்டுகிற மாதிரி ஓட்ட இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும். வேனுக்கு மாதாமாதம் லீசிங் காசு கட்டத் தவறாத அந்த மனுஷனைக் கூப்பிட்டு, "இந்த மாசம் கட்டலேன்னா வேனைத் தூக்கிருவோம்" என்று கம்பனிக்காரன் சொல்லும்படி ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். திருச்சியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். புறப்படுகிற அன்றைக்கு சோலைமலை போனை நீட்டிக் காட்டினார்.

"பாருங்க மாப்ள, கொழும்புல ஏறினா திருச்சி ஒரு மணித்தியாலம். நானூறு கிலோமீட்டர்தான். என்னமோ தலபோற மாதிரி அவசரப்படுத்துறீங்க?"

"பிளேன் ஒங்க லயத்து வாசலுக்கா வருது மச்சான்? கட்டுநாயக்கா போகவே ஆறு மணித்தியாலம்."

கேட்டால்தானே! இந்தியாவுக்குப் போகிறவர் சொல்லிக்கொள்ளாமல் போனால் லயத்து வரிசை வீடுகளில் கோபித்துக்கொள்வார்களாம். வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் தேத்தண்ணி, அடுத்த வீட்டில் பணியாரம், அதற்கடுத்த வீட்டில் மறுபடி தேத்தண்ணி. எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. செல்லசாமி ஹோர்ன் அடித்தே ஓய்ந்து போனார்.

கினிகத்தேனை இறக்கத்தில் அத்தனையும் வெளியே வந்தது. கையில் கொடுத்த பையை விட்டுவிட்டு, புது சீட் உறையிலும் செல்லசாமியின் பிடரியிலும் கொட்டினார். நிறுத்திக் கழுவினார்கள். நாலு வளைவு தாண்டியதும் மறுபடி நிறுத்தினார்கள். விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது பிளேன் கிளம்பிவிட்டது.

"ஒங்களாலதான் போச்சு! ஒரு மணித்தியாலத்துப் பயணத்துக்கு முப்பதாயிரமா? வெக்கமா இல்ல?" என்று கத்திவிட்டு, சோலைமலை பஸ் பிடித்து ஊர் திரும்பினார்.

வாந்தி நாற்றத்தைவிட அந்தப் பேச்சுதான் செல்லசாமிக்குக் குமட்டியது.

"அண்ணந்தானே, விட்டுருங்க" என்றாள் வேலாயி.

"அப்ப சீட்ட நீ மோந்து பாரு."

கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்ததால் சோலைமலை வேறு டிக்கெட் எடுத்தார். ஆனால் அவரை ஏற்றத்தான் வேன் கிடைக்கவில்லை. டயகமவில் யாரைக் கேட்டாலும், "மொதல்ல செல்லசாமி அண்ணன் காசக் குடுங்க, அப்பறம் பேசுவோம்" என்றார்கள். வேறு வழியில்லாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்லசாமியின் வேனுக்கே வந்து நின்றார்.

"வண்டிய எடுங்க மாப்ள. எறங்குறப்ப ரெண்டு ஹயர் கூலியும் சேத்துத் தாறேன்."

செல்லசாமி சாவியைத் தொடவில்லை. வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விரித்தார்.

"பழசு மொதல்ல. இல்லேன்னா நடந்து போங்க, பிளேன்காரன் காத்திருப்பான்."

சோலைமலை மடியை அவிழ்த்தார். வெற்றிலை எச்சிலை விரலில் தொட்டுத் தொட்டு, ஆயிரம் ரூபாய்த் தாள்களை அந்தக் கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். செல்லசாமி முகத்தைச் சுளித்தார். ஆனால் முப்பதாவது தாள் விழும்வரை கையை மடக்கவில்லை.