மாபிளுக்குக் கீழே ஓடிய தண்ணீர்

காலையில் நிரப்பிய தண்ணீர்த் தாங்கி மத்தியானத்துக்குள் காலியானபோது நான் முதலில் இவரைத்தான் ஏசினேன். தோட்டத்துக் குழாயைத் திறந்தபடி விட்டிருப்பார் என்று நினைத்தேன். பாவம் மனிதர், வீட்டைச் சுற்றி வந்து எல்லாக் குழாயையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை. பின்னேரம் ஹோலைக் கூட்டும்போதுதான் சுவரோரத்துத் தரை மாபிள் இடுக்குகளில் ஈரம் ஊறிக் கிடப்பதைக் கண்டேன்.

எங்கள் வீடு கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. இந்தப் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் பெரும்பாலும் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர்தான். எங்கள் கிணறு மட்டும் ஏதோ புண்ணியத்தில் நல்ல தண்ணீராக வாய்த்தது. அதையும் பக்குவமாகத்தான் இறைக்க வேண்டும். கோடையில் காலையில் இருபது நிமிடம் மோட்டர் போட்டால் போதும் என்று நிறுத்திவிடுவோம். மேலே இருக்கும் நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இழுத்தால் அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். ஏறினால் லேசில் இறங்காது. பக்கத்து வீட்டுக்காரியும் அந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தாள். கடல் தொழில் செய்யும் குடும்பம், மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு கலன்களோடு வந்து குடிதண்ணீர் எடுத்துப் போவாள்.

அடுத்த நாள் பிளம்பர் வந்து, தரையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தார். எழும்பும்போது சிரித்தார்.

"கொங்கிறீற்றுக்குக் கீழை பைப் வெடிச்சிருக்கு ரீச்சர். பயப்பிடாதேங்கோ, மாபிளை உடைக்கத் தேவையில்லை. உந்தப் பைப்பை அப்பிடியே கைவிட்டிட்டு, வெளிச் சுவரோடை புதுசா ஒண்டு இழுத்துவிடுறன். அரைநாள் வேலை."

"எந்தச் சுவர்?"

"முன்சுவர்தான். முன் குளியலறைக்கு வேறை வழியில்லை."

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். கனடாவிலிருந்து அண்ணை குடும்பத்தோடு வர நான்கு நாள்தான் இருந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள். முன்சுவருக்குப் பெயின்ற் அடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. போன முறை அண்ணி இந்த வீட்டைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தச் சுவரில் பாம்பு மாதிரி ஒரு பைப் ஓடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அண்ணை வந்திட்டுப் போகட்டும்" என்றேன்.

"கிணறு சவராப் போகுமப்பா" என்றார் இவர்.

"மூண்டு கிழமைதானே நிப்பினம்" என்றேன் நான். முப்பது வருடம் வகுப்பை அடக்கிய குரல் அது. இவர் பிளம்பரைப் படலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அந்த மூன்று கிழமையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஈரம் தெரியாமல் இருக்க ஹோல் மூலையில் ஒரு கம்பளத்தை விரித்தேன். ஒவ்வொரு நாளும் விடியமுன் அதை எடுத்துப் பிழிந்து, வேறொன்றை விரித்தேன். கனடா நேரத்திலேயே தூங்கி எழும்பிய அண்ணையின் பிள்ளைகள் நினைத்த நேரமெல்லாம் குளித்ததால் அந்தப் பைப்பின் வால்வைப் பூட்டி வைக்கவும் வழியில்லை. மோட்டர் நாளுக்கு நான்கு தரம், ஐந்து தரம் ஓடியது. ஓடும் ஒவ்வொரு தரமும் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடுப்படிக்கும் மோட்டருக்கும் இடையில் நடந்து நடந்தே என் கால் வீங்கிப்போயிற்று. வந்தவர்களோடு ஆற அமர இருந்து கதைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் கிழமை பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று கேட்டாள்.

"ரீச்சர், தண்ணி கொஞ்சம் மாறின மாதிரிக் கிடக்கு. சின்னவன் குடிக்கிறானில்லை."

"கோடைதானே பிள்ளை. மழை பெஞ்சால் சரியாயிடும்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கலனை நிரப்பினாள். நான் சொன்னதை நம்பினாள். நான் ரீச்சர் அல்லவா.

அண்ணை புறப்பட்ட அன்று, வீடு நல்ல வடிவாக இருக்கிறது என்று அண்ணி சொன்னாள். மூன்று கிழமையும் அவர்கள் போத்தல் தண்ணீர்தான் குடித்தார்கள். கிணற்றில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. வான் ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் நான் பிளம்பருக்குப் போன் எடுத்தேன். வந்தார், அரைநாளில் முடித்தார். முன்சுவரில் பைப் ஓடியது. இன்றுவரை அதை ஒரு மனிதரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

தரை காய்ந்தது. கிணறு மட்டும் திரும்பவில்லை. சோறு உப்புப் போடாமலே கரித்தது. மாரி வந்து போயும் பழைய தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எங்கள் படலைக்கு வருவதை நிறுத்தி, சந்திக்கு வரும் தண்ணீர் லொறியான பவுசரடியில் வரிசையில் போய் நிற்கத் தொடங்கினாள். நடந்ததை அவளிடம் சொல்ல வேண்டும் என்று பல நாள் வேலிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஒருநாள் காலை அவளே வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்.

"ரீச்சர், பவுசர் வந்திட்டுது. உங்களுக்கும் இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன், கெதியா வாங்கோ."

கலனைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். "உங்களாலை கனநேரம் நிக்கேலாது, முன்னுக்கு வாங்கோ" என்று என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் விட்டாள். என்னால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.