ஸ்டெல்லா டீச்சரின் கோன்ஃபிளவர்

போன செவ்வாய்க்கிழமை காலை மொட்டைமாடிக்குப் போனேன்.

முந்தின வாரம்தான் மலர்ந்த பூ. ஊதா இதழ்கள் மொத்தமும் பாவாடை மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தன!

என் பூவாக இருந்தால் பரவாயில்லை. கீழ் வீட்டு ஸ்டெல்லா டீச்சருடையது. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கோன்ஃபிளவர் என்கிற இந்த வெளிநாட்டுப் பூச்செடி கிடையாது. விதை போட்டு, போன வருஷம் முழுக்க வெறும் இலையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். மொட்டு விட்ட நேரம், இதய ஆபரேஷனுக்காக வேலூர் போகவேண்டியதாகிவிட்டது. கார் ஏறும்போதுகூட, "சார், செடிய பாத்துக்கோங்க. நான் வந்து பூவ பாக்கணும்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஆபரேஷன். அன்றைக்கா இது இப்படித் தொங்க வேண்டும்? சகுனம் கிகுனம் எல்லாம் நம்பாத ஆள் நான். இருந்தாலும்...

என்ன செய்தேன்? தண்ணீர் ஊற்றினேன். மதியம் மறுபடியும். சாயங்காலம் மழை பெய்தது — அதற்குப் பிறகும் ஊற்றினேன்!

"ஏங்க, ஆபரேஷன் அவங்களுக்கா, செடிக்கா? சும்னே இருங்க" என்றாள் மனைவி, பாதி கன்னடத்தில். எப்படிச் சும்மா இருப்பது?

ராத்திரி டீச்சரின் மகள் போன் செய்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். அப்பாடா! ஆனால் பூ நிமிரவில்லை. நான் ஊற்றுவதை நிறுத்தவும் இல்லை. வாரக் கடைசியில் இலையும் மஞ்சளாக ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். டீச்சரேதான். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் அதே அதட்டல் குரல்.

"எங்க சார் என் பூ?"

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. மாடிக்குப் போய், போனைச் செடிப்பக்கம் திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அய்யோ, எவ்ளோ அழகா இருக்கு!"

"டீச்சர்... இதழெல்லாம் தொங்கிடுச்சே?"

"அந்தப் பூவே அப்படித்தான் சார். விரிஞ்சதும் இதழ் கீழ எறங்கிடும். விதை பாக்கெட்ல போட்டோவே அப்படித்தான் இருக்கும். அது சரி... மண்ணு ஏன் சேறா கெடக்கு? இலை ஏன் மஞ்சளா இருக்கு?"

ஊற்றியதையெல்லாம் சொன்னேன்.

பயம் வந்துவிட்டால் நம் கை சும்மா இருப்பதில்லை, பார்த்திருக்கிறீர்களா? எதையாவது செய்தால்தான் மனசு ஆறுகிறது. வேர் அழுகினாலும் பரவாயில்லை என்று ஊற்றிக்கொண்டே இருக்கிறோம்.

டீச்சர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு சொன்னார்:

"இனிமே ஒரு சொட்டு ஊத்தாதீங்க சார். என்னைப் பாத்துக்க இங்க நாலு டாக்டர் இருக்காங்க. அந்தச் செடிக்கு நீங்க ஒருத்தர்தானே... அதான் பயமா இருக்கு!"