பல் டாக்டர் பெஞ்சில் உட்காராதவர்

கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே ஒரு மாடி இருக்கிறது. படியேறிப் போனால் இடது பக்கம் பல் டாக்டர். வலது பக்கம் மனசுக்குப் பார்க்கிற சிவசங்கரி. இரண்டு கதவுக்கும் முன்னால் ஒவ்வொரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், பல் டாக்டர் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது. சிவசங்கரி பெஞ்சு காலியாகக் கிடக்கும். இந்த ஊரில் எல்லாருக்கும் மனசு சுகம், பல்தான் சொத்தை என்று யாராவது நினைத்தால் அவர் வெளியூர்க்காரர். நிஜமாகவே பல் வலிக்கிறவர்கள் பாவம், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுகொண்டிருப்பார்கள். பெஞ்சில் கைக்குட்டையால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சிவசங்கரியிடம் வந்தவர்கள். பெயர் கூப்பிட்டதும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கோழி திருட வந்தவர்களாட்டம் வலது பக்கக் கதவுக்குள் நுழைந்துகொள்வார்கள்.

வலது பக்கப் பெஞ்சில் உட்காருகிற ஒரே ஆள் பெருமாட்டி ஆறுமுகசாமி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கால் மேல் கால். பெருமாட்டி ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். பெயரைக் கூப்பிட்டால், "வந்துட்டனுங்க" என்று கீழே தீவனக் கடைக்குக் கேட்கிற மாதிரி பதில் சொல்லுவார். அது வீம்பு என்று அவருடைய மகன் சிவப்பிரகாஷ் சொல்லுவான். வீம்புதான். அந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

அவருடைய மனைவி மருதாத்தாள் போன வருஷம் கார்த்திகையில் தவறிப்போனாள். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றாள். மத்தியானம் வேர்த்துக் கொட்டியது. ஆறுமுகசாமியே காரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கு ஓட்டினார். வாய்க்கால் பாலம் தாண்டும்போது அவர் கையைப் பிடித்து, "என்னமோ பண்ணுதுங்க" என்றாள். "ஒண்ணுமில்ல மருதா, வந்துட்டோம்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவள் இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கார்ச் சாவியைத் தொட்டாலே கை நடுங்கியது. பிறகு சாவியைத் தொடாமலேயே நடுங்கியது. தோப்பில் நிற்கும்போது திடீரென்று மூச்சு முட்டி, இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும். கண்ட ஆஸ்பத்திரியிலெல்லாம் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். ஒன்றுமில்லை. சொந்தக்காரர்களும் வந்து அதையே சொன்னார்கள். ஒண்ணுமில்லீங்க, பழனிக்கு ஒருக்காப் போயிட்டு வாங்க. ஒண்ணுமில்ல, ராத்திரிக்கு ஒரு பெக் போட்டுப் படுங்க. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்டால் சரியாகிவிடும் என்று ஒரு பெரிய மனுசர் மருதாத்தாள் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து சொல்லிவிட்டு, பலகாரமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். கால் முறிந்தவனிடம் ஒன்றுமில்லை, எழுந்து நட என்று இவர்களில் ஒருத்தர் சொல்லுவாரா? மனசு என்றால் மட்டும் ஆளாளுக்கு வைத்தியர்.

பாலக்காட்டில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மலையாளத்தில் பேச வேண்டியிருந்தது. வில்லேஜ் ஆபீஸில் வரி கட்டுவதற்கும் பால் சொசைட்டியில் சண்டை போடுவதற்கும் ஆறுமுகசாமிக்கு மலையாளம் தாராளமாக வரும். மருதாத்தாளைப் பற்றிச் சொல்ல வரவில்லை. கோயம்புத்தூர் டாக்டரம்மா ஒருவரோடு மகன் செல்போன் வீடியோவில் பேச வைத்தான். பாதியில் சிக்னல் போய், அந்த அம்மாள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனார்.

சிவசங்கரியைக் கண்டுபிடித்தவள் மகள் பிரதீபா. சிவசங்கரி தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். இதற்கென்றே படித்துவிட்டு, இங்கே தமிழ் பேசுகிறவர்களுக்கு ஆள் இல்லை என்று வந்து அறை எடுத்தவள். முதல் நாள் அவள் சொன்னது இதுதான். "இங்க யாரப் பாத்தாலும் வெளிய போயிப் பாத்ததாக் காட்டிக்கிடாதீங்கய்யா. உங்களப் பாக்குறவுகளும் காட்டிக்கிட மாட்டாக. இந்த ரூம்புக்கு அது ஒண்ணுதான் சட்டம்."

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஆறுமுகசாமி அந்தப் பாலத்தைப் பற்றிச் சொன்னார். கடைசியாக மருதாவின் காதில் விழுந்தது ஒண்ணுமில்ல என்கிற பொய்தான், அதைச் சொன்னவன் நான்தான் என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க என்று சிவசங்கரி சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பார். அவள் சொல்லவில்லை. "இதத் தனியாவே சொமந்துக்கிட்டு இருந்திருக்கீங்களேய்யா" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக அவர் எத்தனை படி வேண்டுமானாலும் ஏறுவார்.

மந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. முதலில் காரில் சும்மா உட்காரச் சொன்னாள். பிறகு ஸ்டார்ட் பண்ணி நிறுத்தச் சொன்னாள். பிறகு தோப்பு கேட் வரைக்கும். வாய்க்கால் பாலம் வந்தால் இன்றைக்கும் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். ஆனால் ராத்திரி தூங்கினார். சோறு இறங்கியது. பிரதீபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தெம்பும் வந்தது.

இதற்கிடையில் அந்த மாடிக்கு ஒரு ஹெல்மெட்காரர் வர ஆரம்பித்தார். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட். படியேறி வந்து பல் டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் அதைக் கழற்ற மாட்டார். கையில் பிடித்திருப்பது கார்ச் சாவி. காரை எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்து வருகிறார் போல. ஆறுமுகசாமிக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடது கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மோதிர விரலுக்கு நுனி இல்லை. மிச்சமிருந்த விரல்கள் தொடையின் மேல் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் அவருக்குத் தெரிந்த நடுக்கம்.

பிரதீபாவுக்கு வேலந்தாவளத்தில் ஒரு இடம் அமைந்தது. ஜாதகம் பொருந்தியது. பையனும் அவன் அம்மாவும் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா தேங்காய் மண்டி வேலையாக வெளியூர் போயிருந்ததால் வரவில்லை. பையனும் பிரதீபாவும் போனில் பேசிக்கொண்டார்கள். அவள் சிரிக்கிற சத்தம் அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டது. தேதி குறிக்க மாப்பிள்ளையின் அப்பா சென்னிமலை என்கிறவர் சொந்தத்தில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

வந்தவர் தேதியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு கையையும் சட்டையின் பக்கப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்கக் கூடாது. கொழிஞ்சாம்பாறையில மாடி மேல ஒரு பொம்பளைகிட்ட நீங்க போறதா நாலு பேரு பேசிக்கறாங்க."

"போறனுங்க" என்றார் ஆறுமுகசாமி.

சிவப்பிரகாஷ் குறுக்கே விழுந்தான். "அது சக்கரைக்குங்க மாமா. பக்கத்துல டெஸ்ட் எடுக்கறாங்க."

"சக்கரைன்னா சந்தோசம். இனி அந்தப் பக்கம் போறதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, இப்பவே தேதி குறிச்சுப்போடலாம். நாளைக்குப் பேரன் பேத்தின்னு வந்தா, இந்த வம்சத்துல அப்படி ஒண்ணு இருந்துதுன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க."

கூட வந்த பெரியவர் தலையாட்டினார். பிரதீபா காப்பி கொண்டுவந்து நீட்டினாள். சென்னிமலை வேறு வழியில்லாமல் பையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து வாங்கினார். இடது கை. மோதிர விரலுக்கு நுனி இல்லை. டம்ளர் நடுங்கிக் காப்பி வேட்டியில் சிந்தியது. அவசரமாக டீப்பாயில் வைத்துவிட்டுக் கையை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டார்.

ஆறுமுகசாமிக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. நாலு பேராம். எந்த நாலு பேர்? பெஞ்சில் பார்த்தவர்களில் வெளியே வாயைத் திறந்தவர் இவர் ஒருத்தர்தான். ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்து, பெருமாட்டி ஆறுமுகசாமி என்று கூப்பிட்ட பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு, அதே கதவுக்குள் போய்த் தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, இங்கே வம்சம் பேசுகிறார். நோயாளி நோயாளியைக் காட்டிக்கொடுக்கிறான். அதுவும் யார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு!

ஒரே ஒரு கேள்வி போதும். ஹெல்மெட் எங்கீங்க என்று கேட்டால் அந்த மனுசன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் சம்பந்தம்கூட நிற்கும், பயந்துகொண்டாவது தேதி குறித்துவிட்டுப் போவார். பிரதீபா சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அறைக்கு இருக்கிற ஒரே சட்டத்தை அந்த ஆள் உடைத்துவிட்டார். தானும் உடைத்தால் அப்புறம் அந்தப் படியை எவனும் ஏற மாட்டான். ஆறுமுகசாமி கேள்வியை விழுங்கினார். விழுங்க முடியாத பண்டம் அது.

"சக்கரையெல்லாம் இல்லீங்க" என்றார். "என்ற பொண்டாட்டி கார்ல என்ற பக்கத்துல உக்காந்தபடியே செத்துப்போனா. அதுக்குத்தான் போறனுங்க. வர்ற வியாழக்கிழமையும் போவேன். அதுக்கு மேல, வாழப்போறது என்ற புள்ளை. அம்மணி, நீ சொல்லு."

பிரதீபா நிலையை விட்டு முன்னால் வந்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"அங்க போறதுக்கு முந்தி எங்கப்பா ராத்திரி பூரா வாசல்ல நடந்துக்கிட்டே இருப்பாருங்க" என்றாள். "இப்பத் தூங்கறாரு. அது உங்களுக்குக் கொறையாப் படுதுன்னா, எனக்கு இந்த எடம் வேண்டாமுங்க."

வந்தவர்கள் எழுந்து போனார்கள். பிரதீபா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழ மாட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் அப்பாவை எதிர்த்து ஒரு போன்கூடப் பண்ணவில்லை. சிவப்பிரகாஷ் வாசலில் நின்று கத்தினான்.

"ஒரே ஒரு பொய்ப்பா. ஒண்ணுமில்ல, சும்மா போனேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்."

"ஒருக்காச் சொன்னது போதும்டா" என்றார் ஆறுமுகசாமி. அவனுக்கு அது விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் கோபம் தீராமலேயே காரை எடுத்தார். மகன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். வழி நெடுகச் சென்னிமலையை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினார். வாய்க்கால் பாலம் தாண்டிவிட்டது என்பது தாண்டிய பிறகுதான் உறைத்தது. உடனே கை உதற ஆரம்பித்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டார். மிச்சத் தூரம் மகன் ஓட்டினான். ஆனாலும் பாலம் தாண்டியது தாண்டியதுதான்.

மாடியில் வழக்கம்போல் இடது பக்கம் கூட்டம். வலது பக்கம் அவர் ஒருத்தர். கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெல்மெட் மேலே வந்தது. ஆறுமுகசாமியைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கால் கீழே இறங்கியது. அந்த இடது கை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். அந்த ஆளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அந்தக் கை நடுங்குகிற நடுக்கத்தில் அவர் கீழே போய்ச் சேர்ந்தாலும் கார் ஓட்ட முடியாது என்பது ஆறுமுகசாமிக்குத் தெரியும்.

"வாங்க" என்றார்.

ஹெல்மெட் இரண்டடி நகர்ந்து வந்தது. உள்ளேயிருந்து அடங்கிய குரல் வந்தது. "அன்னைக்கு நீங்க... நாஞ் சொன்னது..."

"அந்தப் பேச்சு என்ற புள்ளை முடிச்சுப்போட்டாளுங்க. அதை மறுக்கா எடுக்க வேண்டாம். மன்னிச்சுப்போட்டேன்னும் நெனச்சுக்க வேண்டாம், எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஊட்டுல சொல்லீட்டு வந்தீங்களா?"

இல்லை என்று ஹெல்மெட் ஆடியது. பிறகு, பழக்கப்பட்ட வழியில், இடது பக்கப் பெஞ்சை நோக்கித் திரும்பியது. கைக்குட்டைக்காரர்கள் இடம் விடுவதற்கு நகர்ந்தார்கள்.

ஆறுமுகசாமி துண்டை எடுத்துத் தன் பக்கத்தில் பெஞ்சைத் தட்டினார்.

"அது பல்லுக்குங்க" என்றார், கீழே தீவனக் கடைக்குக் கேட்கிற குரலில். "நம்முளுது இந்தப் பெஞ்சு. வந்து உக்காருங்க."