நண்டு போடாத நண்டு ரசம்

எங்கள் சம்பந்தியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் இல்லை, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு குரங்குக் குல்லா. கார்த்திகை பிறந்ததும் அது அவர் தலையில் ஏறும். தை பிறந்தால்தான் இறங்கும். அதற்குள்ளிருந்து இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் தெரியும். 2007ஆம் வருஷத்து மார்கழியில் கீரப்பாளையத்து வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது, அந்தக் குல்லாதான் என்னைப் பார்த்துக் கும்பிட்டது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

சம்பந்தி என்றால் என் மகளுடைய மாமனார். ரைஸ்மில்லில் மேஸ்திரி வேலை பார்த்தவர். மார்கழி வந்தால் விடியற்காலையில் தெருவைச் சுற்றிவரும் பஜனையில் அவர்தான் முதல் குரல். அவர் ஓர் அடி பாட, பின்னால் வருகிறவர்கள் வாங்கிப் பாட வேண்டும். பனி பொழியட்டும், மழை கொட்டட்டும், ஒரு நாளும் விட்டதில்லையாம். அந்த மாதம் முழுக்க வீட்டில் கவுச்சி நுழையாது. மற்ற மாதங்களில் மீன்முள்ளைக்கூட மிச்சம் வைக்காத மனுஷன், மார்கழியில் மட்டும் கருவாடு என்ற வார்த்தையைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்வார். அப்படிப்பட்டவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாளாகப் பஜனை நொண்டியடித்துக்கொண்டிருந்தது. மகள் போனில் சொன்னாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் முதுநகரிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

அந்தக் கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் துறைமுகத்தில் மீன் வாங்கப் போகிற ஒயர்கூடை. சோப்புப் போட்டு, புளி போட்டு, வெயிலில் காயவைத்துத்தான் எடுத்துப் போனேன். இருந்தாலும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு சிதம்பரம் வரைக்கும் காலியாகவே வந்தது.

எங்கள் பக்கத்தில் பனிக்குத் தொண்டை கட்டினால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் நண்டு வாங்கப் போவோம். நண்டுக் காலை நசுக்கிப் போட்டு, மிளகு, சீரகம், தோலோடு பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் இடித்து, நல்லெண்ணெயில் சோம்பு பொரியவிட்டு வதக்கிக் கொதிக்கவைத்தால், குடிக்கிறவனுக்கு மூக்கு, கண், காது எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். விரத வீட்டில் நண்டுக்கு வழியில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நண்டு போடவில்லை. மற்றதெல்லாம் போட்டேன். சோம்பும் போட்டேன். அங்கே சோம்பைக் கறிக்குழம்புக்கு மட்டும்தான் போடுவார்கள், ரசத்தில் போடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் முதல் டம்ளரைக் கொடுத்தேன். குல்லா சற்று மேலே ஏறியது. இரண்டாவது டம்ளருக்கு நெற்றி தெரிந்தது. மூன்றாவது டம்ளரை நீட்டும்போது குல்லா மடியில் இருந்தது, வழுக்கை முழுவதும் வியர்வை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரலும் வந்தது.

“சம்மந்தியம்மா, அப்பிடி என்னா போட்டிங்க இதுல?”

இங்கேதான் என் வாயில் சனி உட்கார்ந்தது. “ஊர்லேருந்து ரெண்டு நண்டு என் கூடவே பஸ் ஏறி வந்துச்சிங்க சம்மந்தி. டிக்கெட்கூட எடுக்கல” என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நான் சொன்னதுதான் வினை. கல்யாணத்தன்று காலை டிபனில், வாழைக்காய் பஜ்ஜிகளுக்கு நடுவில் ஒரே ஒரு பச்சைமிளகாய் பஜ்ஜியை வைத்து அவர் இலைக்கு அனுப்பியவள் நான். தாலி கட்டுகிற நேரம் வரைக்கும் அவர் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கல்யாண சிடியைப் பார்க்கிறவர்கள் எல்லாம், பிள்ளைமேல் இவ்வளவு பாசமா என்று இன்றைக்கும் உருகுகிறார்கள். அப்படிப்பட்டவள் நண்டு என்று சொன்னால் நண்டுதானே?

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் பஜனைக்காரர்கள் வந்து கூப்பிட்டபோது, “எனக்கு விரதம் போயிடுச்சிப்பா. இனிமே நான் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பொழுது விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

என் மகள் அடுப்படியில் என் கையைப் பிடித்து இழுத்தாள். “நீ பாட்டுக்கு சிரிச்சிட்டு பஸ் ஏறிப் போயிடுவ. நான் இங்க இருக்கணும்மா. மாமனாரு விரதத்தக் கெடுத்த வீட்டுப் பொண்ணுன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க” என்றாள். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டாள். சிரிக்க வைக்கவே பழகிய வாய்க்கு, உண்மையைச் சொல்லி நம்பவைக்கத் தெரியவில்லை. எந்தச் சாமிமேல் சத்தியம் செய்தாலும் அதற்கும் தெருவில் யாராவது ஒருத்தி சிரித்தாள்.

கடைசியில் நானே சொன்னேன்: “எல்லாரும் வந்து நில்லுங்க. அதே ரசத்த உங்க கண்ணு முன்னாடி வெக்கிறேன். சம்மந்தி குடிச்சிப் பாத்துட்டுச் சொல்லட்டும்.”

அடுப்படியில் ஏழெட்டுப் பொம்பளைகள். வாசலில் பஜனைக்காரர்கள், ஜால்ராவோடு. சம்பந்தியின் மனைவி, எனக்குச் சம்பந்தியம்மா, என் பக்கத்திலேயே நின்று, நான் எடுக்கிற ஒவ்வொரு பூண்டையும் வாங்கிப் பார்த்துக் கொடுத்தார். குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்த ஒருத்தி, “நண்டு ஓடு ஒண்ணும் காணுமே” என்றாள். உள்ளேயிருந்து சம்பந்தி, “அவுங்க ஓட்டையும் சேத்துத் தின்னிருப்பாங்க!” என்று கத்தினார். ரசத்தை இறக்கினேன். அத்தனை கண்ணுக்கு நடுவில் சோம்பு போட மறந்துவிட்டேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

அவர் ஒரு மடக்குக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். நீதிபதி மாதிரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இதுல நண்டு இல்ல” என்றார். என் மகள் முகம் மலர்ந்தது. “அதனாலதான் சொல்றேன், நேத்து இருந்துச்சி! அந்த ருசி இதுல எங்க இருக்குது? நேத்து மொத மடக்குலயே என் மூக்கு சொல்லிடுச்சி, இது கவுச்சின்னு!”

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது, அதுவரைக்கும் பேசாமலிருந்த சம்பந்தியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“ஏங்க, மொத மடக்குலயே தெரிஞ்சிடுச்சா?”

“ஆமா. என் மூக்க ஏமாத்த முடியுமா?”

“அப்போ ரெண்டாவது டம்ளர எதுக்கு வாங்குனீங்க? மூணாவது டம்ளருக்குக் கைய நீட்டுனது யாரு?”

அவர் மனைவியைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பஜனைக்காரர்களில் ஒருவர் தெரியாத்தனமாக ஜால்ராவைத் தட்டிவிட்டார். நண்டு இருந்தது என்றால் தெரிந்தே விரதத்தைக் கெடுத்தவர் அவர். இல்லை என்றால்தான் அவர் தப்பிக்க முடியும்.

“நண்டு இல்ல” என்றார், மெதுவாக.

“சத்தமா சொல்லுங்க, மருமவளுக்குக் கேக்கணும்” என்றார் சம்பந்தியம்மா.

“நண்டு இல்ல! போதுமா? எங்க சம்மந்தியம்மா சுத்த சைவமா சமைச்சாங்க!”

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அப்புறம்தான் நான் கேட்டேன்: “சம்மந்தி, நேத்து உங்களுக்குப் பேச்சே வரல. இப்ப இவ்ளோ சத்தம் எங்கேருந்து வந்துச்சி?” முதலில் சிரித்தது என் மகள்தான். மறுநாள் விடியற்காலையில் அவர் பாடிய பாட்டுக்கு வாய்க்கால் மேட்டு நாய்கள் எல்லாம் எழுந்து கூடவே பாடின.

அத்தோடு முடியவில்லை. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகருக்கே வந்துவிட்டார். “இப்ப விரதம் இல்ல, தைரியமா வைங்க” என்றார். பெரிய நண்டாகப் பார்த்து வாங்கி, காலை நசுக்கி, ஒரு குறையும் இல்லாமல் ரசம் வைத்தேன். தட்டில் நண்டுக் கால் கிடக்க, குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா அன்னிக்குப் போட்ட நண்டு ஜாஸ்தி ருசி” என்றார்.

இப்போது பஜனைக்கு ஸ்பீக்கர் வந்துவிட்டது. சம்பந்தி வாசலில் நாற்காலி போட்டுக் கேட்கிறார். பாடுவதே இல்லை. ஆனாலும் மார்கழி முதல் வாரத்தில், குரல் கணீரென்று இருக்க, தொண்டை கட்டிவிட்டதாக எனக்குப் போன் வந்துவிடும். நான் போய் அடுப்படியில் நின்றால், அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். இந்த வருஷம் சோம்பு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். இத்தனை வருஷம் கழித்தாவது காட்டிவிடலாம் என்றுதான். காலடிச் சத்தம் கேட்டதும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“என்னா வேணாலும் போடுங்க, சம்மந்தியம்மா. எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க” என்றார்.